கோப்பைத் திறந்தவர் ஆர்?

இணையத்தில் தமிழ் மின்னூல்களை வாசிப்போர் ‘வௌ்ளம்’, ‘வௌ்ளி’, ‘தௌிவு’ என்று உடைந்து கிடக்கும் சொற்களை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்பர். அச்சுப்பிழை என்றெண்ணிக் கடந்துபோகிறோம். அது அச்சுப்பிழையன்று, எவரோ செய்த திருத்தத்தின் தழும்பு. ஔகார உயிர்மெய்யின் பின்பகுதி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், ‘பௌத்தம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துப் ‘பெளத்தம்’ என்று தட்டுவோர் மிகப் பலர். கண்ணுக்கு வேற்றுமை அவ்வளவாகத் தெரியாது; தேடுபொறிக்குத் தெரியும். இதைச் சீர்செய்யும் நல்லெண்ணத்தில் ஒருவர், அவ்விணையைக் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக மாற்றும்படி ஒரு கட்டளையை இடுகிறார் என்று கொள்வோம். பெளத்தம் பௌத்தமாகும். கூடவே வெள்ளம் உடையும், தெளிவு உடையும், பாவம், கெளிற்று மீனும் உடையும். உயிரெழுத்துக்கும் இதே வைத்தியம் செய்தால் ஒளவை ஔவையாவாள்; ஒளி இருளும். பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் சிலவும் இதே விளைவைத் தந்திருக்கின்றன. சில நொடிகளில் பல்லாயிரம் பக்கங்களில் நடந்துவிடக்கூடிய காரியம் இது.

எங்கள் தமிழ்த்துறைக் கணினியில் சென்ற கல்வியாண்டில் நிகழ்ந்ததும் இதுவே. சுவடிகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய படிகள், பழம்பதிப்புகளின் தட்டச்சு வடிவங்கள், ஆய்வு மாணவர் ஆண்டுக்கணக்கில் தொகுத்த சொல்லடைவுகள் என முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளில் வெள்ளமெல்லாம் உடைந்து நின்றன. யார் செய்தார், எந்நாளில் செய்தார் என்பது தெரியவில்லை. ஒரு மாதம் கழிந்த பின்னரே எவர் கண்ணிலோ பட்டது. அதற்குள் காப்புப்படிகளும் உடைந்த படிகளாகிவிட்டிருந்தன. பழையதன் மேல் புதியதை எழுதிச் செல்லும் காப்புப்படி, பிழையையும் பத்திரமாகவே காப்பாற்றும்.

இதைத் தொடர்ந்து கல்லூரியில் ஒரு குழு கூடிற்று. துறைகளிலும் நூலகத்திலும் உள்ள லினக்ஸ் கணினிகள் அனைத்திலும் கோப்பு முறைமையின் அசைவுகள் யாவற்றையும் கண்காணித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. எக்கோப்பை, எப்பொழுது, எவர் உருவாக்கினார், மாற்றினார், அழித்தார் என்பதோடு, எவர் திறந்து படித்தார் என்பதும் பதிவாக வேண்டுமாம். முதற்பாதியை நாம் இரு கையேந்தி வரவேற்கிறோம். பிற்பாதியைக் கடுமையாக எதிர்க்கிறோம். தொழில்நுட்பத்தின் பெயரால் இரண்டும் ஒரே பொதியாகக் கட்டி நீட்டப்படுவதாலும், இலக்கியம் பயின்றோர் ‘இது நமக்கு விளங்காத துறை’ என்று ஒதுங்கிக்கொள்வதாலும் இதனைச் சற்று விரித்து எழுத நேர்கிறது.

கோப்பில் நேரும் மாற்றத்தை உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாடு லினக்ஸின் கர்னலிலேயே இருக்கிறது; விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 2001-இல் வந்த 2.4 கர்னலில் டிநோட்டிஃபை என்றொன்று இருந்தது. ஓர் அடைவுக்குள் ஏதோ மாறிற்று என்பதை மட்டும் அது சொல்லும். எக்கோப்பு மாறியது என்பதை நாமே துழாவிக் கண்டுகொள்ள வேண்டும். அன்றியும், கண்காணிக்கும் அடைவைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தமையால், பென் டிரைவில் உள்ள அடைவு ஒன்றைக் கண்காணிக்கப் புகுந்தால் அதனை முறையாகக் கழற்ற இயலாது. வீட்டுக்கு வந்த விருந்தினரைக் காவல்காரன் வெளியே விடாத கதை. இக்குறைகளை நீக்கி ஜான் மெக்கச்சன் தொடங்க, ராபர்ட் லவ் உடன்சேர்ந்து செப்பனிட்ட ஐநோட்டிஃபை, 2005 ஆகஸ்டில் வெளியான 2.6.13 கர்னலில் இடம்பெற்றது. அது பிறந்த சூழல் கவனத்துக்குரியது. ஒற்றறிவதற்காக அன்று, பீகிள் போன்ற தேடல் மென்பொருள்கள், புதிதாக வந்த கோப்பை உடனே அட்டவணைப்படுத்திப் பயனர் தேடியதும் எடுத்துக் கொடுப்பதற்காக அது பெரிதும் வேண்டப்பட்டது. நூலகர் செய்யும் வேலை, வாயிற்காவலர் செய்யும் வேலையன்று.

ஐநோட்டிஃபையின் பெயரில் உள்ள முதலெழுத்து ஐநோடைக் குறிப்பது. சுவடி நூலகம் கண்டவர்க்கு ஐநோடு எளிதில் விளங்கும். சுவடிக்கட்டுக்கு ஓர் எண் உண்டு. அட்டவணையில் அவ்வெண்ணுக்கு நேரே ஒரு பெயர் உண்டு. கட்டு வேறு, பெயர் வேறு. லினக்ஸில் அடைவு என்பது அட்டவணையே. கோப்பின் உண்மையான அடையாளம் அதன் ஐநோடு எண். இவ்வேறுபாட்டை அறியாதோர் கண்காணிப்பில் ஏமாந்துபோவர். நாம் பயன்படுத்தும் உரைத்தொகுப்பிகள் பல, ‘சேமி’ என்றதும் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடுகின்றன. மேற்சொன்ன ‘தேடி மாற்று’ வேலைக்கு வழக்கமாகக் கையாளப்படும் ஸெட் என்னும் கருவியும் அவ்வாறே செய்கிறது. எனவே கோப்பை மட்டும் நோக்கியிருந்த காவலன், பெயரிழந்த பழைய கட்டின் அருகே நின்றுகொண்டிருப்பான். புதிய கட்டு அதே பெயரில் அலமாரியில் அமர்ந்திருக்கும். ஆகவே அடைவைக் கண்காணிப்பதே முறை. அப்போது, ‘இப்பெயரில் ஒன்று நகர்ந்து வந்து அமர்ந்தது’ என்ற செய்தி நமக்குக் கிட்டும்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். அடைவுக்குள் அடைவு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண்காணிப்பு வைக்க வேண்டும். ஒரு பயனர் வைக்கத்தக்க கண்காணிப்புகளுக்கு நெடுங்காலம் 8192 என்பதே இயல்பான வரம்பாக இருந்தது. 2021-இல் வந்த 5.11 கர்னல் முதல் நினைவகத்தின் அளவுக்கேற்ப அது உயர்கிறது. வலையமைப்பு வழியே வேறொரு கணினியிலிருந்து செய்யப்படும் மாற்றம் இங்குள்ள ஐநோட்டிஃபைக்குத் தெரியாது. நிகழ்வுகள் வரிசையில் நிற்கும். வரிசையின் கொள்ளளவு இயல்பாக 16384. அதற்கு மேல் வந்தால் விடுபட்டுப்போகும். ஆனால் விடுபட்டது என்பதை அதுவே அறிவித்துவிடும். சாட்சிகளில் இத்தகைய நேர்மை அரிது.

இன்னோர் எல்லையே நம் வாதத்துக்கு இன்றியமையாதது. ஐநோட்டிஃபை ‘என்ன நடந்தது’ என்று சொல்லும். ‘யார் செய்தது’ என்று சொல்லாது. செய்த பயனரின் பெயரோ செயல்முறையின் எண்ணோ அதன் அறிவிப்பில் இல்லை. குழுவில் இருந்த கணினித்துறை நண்பர் இதனைப் பெருங்குறையாகக் காட்டினார். அப்படியொன்றும் இல்லை. பதிப்பு வேலையில் நமக்கு முதலில் வேண்டுவது, பாடம் மாறியது என்ற செய்தி அன்றைக்கே கிடைப்பது. முந்நூறு கோப்புகள் ஒரே நிமிடத்தில் மாறின என்று மறுநாட் காலை தெரிந்திருந்தால், அந்த ஒரு மாதம் வீணாகியிராது, காப்புப்படியிலிருந்து மீட்டிருக்கலாம். செய்தவர் யாரென்பது அதற்கு அடுத்த கேள்வி; பல வேளைகளில் தேவையற்ற கேள்வியும்கூட.

தேவைப்படும் வேளைகளுக்கு லினக்ஸில் ஆடிட் என்ற வேறோர் அமைப்பு உண்டு. பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் நிறுவனங்களைக் கருதி வளர்க்கப்பட்டது அது. ஓர் அடைவைச் சுட்டி, அதில் எவ்வகைச் செயல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று நான்கு ஆங்கில எழுத்துகளால் அதற்கு ஆணையிடலாம். ‘ஆர்’ என்றால் படித்தல். ‘டபிள்யூ’ என்றால் எழுதுதல். ‘எக்ஸ்’ என்றால் இயக்குதல். ‘ஏ’ என்றால் உரிமை முதலிய பண்புகளை மாற்றுதல். ஒருவர் கணினிக்குள் எப்பெயரில் நுழைந்தாரோ அப்பெயரை ஆடிட் இறுதிவரை விடாது. நடுவில் அவர் நிர்வாகியின் அதிகாரத்தை மேற்கொண்டாலும், முதலில் நுழைந்த அடையாளம் பதிவில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வேண்டுகோள், சுவடிப் படிகள் உள்ள அடைவுக்கு ‘டபிள்யூ’, ‘ஏ’ என்ற இரண்டெழுத்து போதும் என்பது. குழுவின் விருப்பம், எல்லா அடைவுக்கும் ‘ஆர்’ வேண்டும் என்பது. ஆக, இரு கட்சிக்கும் இடையே நிற்பது ஓரெழுத்து. (தமிழில் ‘ஆர்’ என்றால் ‘யார்’ என்று பொருள். குழுவினர் கேட்க விரும்புவதும் அதுதான் போலும்.)

‘படித்ததும் பதிவாகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்போர்க்கு முதலில் ஒரு பழைய கதை. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரக்குறிப்புகள் உண்டு. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்டைம். உரிமை, பெயரெண்ணிக்கை முதலிய விவரங்கள் மாறிய நேரம் சிடைம். கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் ஏடைம். இந்த மூன்றாவதன் விந்தையைப் பாருங்கள்: ஒரு கோப்பைப் படித்தால், படித்த நேரத்தை வன்தட்டில் எழுத வேண்டும். அதாவது ஒவ்வொரு வாசிப்பும் ஓர் எழுத்தைப் பிறப்பிக்கிறது. ஒருவரும் எதையும் மாற்றாமல் சும்மா படித்துக்கொண்டிருந்தாலும் வட்டு எழுதிக்கொண்டே இருக்கும். இது வீண்சுமை என்று கர்னல் ஆக்குநரிடையே 2007-இல் கடும் விவாதம் எழுந்தது. இங்கோ மோல்னார் போன்றோர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். முற்றிலும் எடுத்துவிடவும் இயலவில்லை. புதிய அஞ்சல் வந்ததா என்பதைப் படித்த நேரத்தோடு ஒப்பிட்டு அறியும் அஞ்சல் நிரல்கள் இருந்தன. முடிவில் ரெல்ஏடைம் என்ற நடுவழி நிலைபெற்றது. கோப்பு மாறியபின் முதன்முறையாகப் படிக்கப்பட்டாலோ, முன்னைய குறிப்பு ஒரு நாளுக்கு மேற்பட்டதாக இருந்தாலோ மட்டுமே படித்த நேரம் புதுப்பிக்கப்படும். 2009-இல் வெளியான 2.6.30 கர்னல் முதல் இதுவே இயல்புநிலை.

வேகம் கருதிச் செய்த மாற்றம் அது. வாசகனின் மறைவுரிமையை யாரும் அங்கே நினைத்துப் பேசவில்லை. எனினும் நேர்ந்த விளைவு நமக்கு உவப்பானது. எழுதியதை நொடி பிசகாமல் குறித்துக்கொள்ளும் ஒரு கருவி, படித்ததைப் பற்றி ‘ஏதோ நேற்றோ இன்றோ எவரோ பார்த்தார்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. ஏடைமில் நேரம் உண்டு, ஆளின் பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அத்தனைச் சிறு குறிப்பே சுமையென்று குறைக்கப்பட்டிருக்க, இப்போது ஆளின் பெயரோடு அதனை மீண்டும் எழுதத் தொடங்குவது எந்தப் பகுத்தறிவில் சேரும்?

அடுத்து, அப்பதிவு உண்மை சொல்லுமா என்ற கேள்வி. சொல்லாது. ஆடிட்டுக்குத் தெரிவது கோப்பு படிக்கும்பொருட்டுத் திறக்கப்பட்டது என்பது மட்டுமே. திறத்தல் வாசித்தல் அன்று என்பதைத் தேர்வுக்காலத்து நூலகம் அறிந்த எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. அதனினும் மோசமான சிக்கல் ஒன்றுண்டு. வரைகலைத் திரையில் ஓர் அடைவைச் சொடுக்கினால், உள்ளே இருக்கும் கோப்புகளின் சிறுபடங்களைக் காட்டுவதற்காகக் கோப்பு மேலாளர் அவற்றைத் தானே திறக்கிறது. டிராக்கர் போன்ற அட்டவணைப்படுத்தும் நிரல்கள், புதிதாக வந்த கோப்புகளையெல்லாம் பயனர் கேளாமலே திறந்து பார்க்கின்றன. இவை அனைத்தும் அப்பயனரின் பெயராலேயே நடப்பவை. பெயர் தெரியாத ஓர் அடைவுக்குள் மாணவி ஒருத்தி தவறிப்போய் எட்டிப் பார்த்துத் திரும்பினாலும், நாற்பது கோப்புகளை அவள் திறந்ததாகப் பதிவேடு சொல்லும். விசாரணைக்கு அழைக்கப்பட்டால் அவள் என்ன விடை சொல்வாள்? சிறுபடம் ஆக்கும் நிரலைச் சாட்சிக்கு அழைப்பாளா?

எழுதியதன் பதிவிலும் இத்தகைய குழப்பங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. லிப்ரே ஆஃபீஸ் ஒரு கோப்பைத் திறந்ததும் பூட்டுக்கோப்பு ஒன்றை அதே அடைவில் எழுதுகிறது. அதுவும் எழுத்தாகப் பதிவாகும். ஆனால் அங்கே ஒரு பிடி இருக்கிறது. கோப்பு மாறியதா இல்லையா என்பதைக் கோப்பே காட்டிவிடும். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாசிப்புக்கு அத்தகைய தடயமில்லை. வாசித்த நூல் வாசிக்காத நூலைப் போலவே இருக்கிறது.

குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: ‘நூலகத்தில் யார் எந்நூலை எடுத்தார் என்று பதிவேடு இருக்கிறதே, அதை எவரும் எதிர்த்தோமா?’ நியாயமான கேள்வி. அப்பதிவேடு நூல் திரும்பி வருவதற்காக இருப்பது. ஒரே படிதான் உண்டு. அது வெளியே போனால் பிறர்க்கு இல்லை. ஆகவே கைப்பற்று வாங்குகிறோம். கோப்பைத் திறந்து படித்தால் அது எங்கும் போய்விடுவதில்லை. திருப்பித் தர வேண்டியதும் இல்லை. மேலும் நூலகப் பதிவேடு, வீட்டுக்கு எடுத்துச் சென்றதைச் சொல்லுமேயன்றி, அலமாரியருகே நின்றபடி புரட்டியதை, எந்தப் பக்கத்தில் நின்றோம், எதை மூன்றுமுறை எடுத்துப் பார்த்தோம் என்பதைச் சொல்லாது. அந்த அலமாரியருகே நிற்கும் சுதந்திரத்தில்தான் நம்மில் பலர் இலக்கியத்துக்குள் வந்தோம். பாடத்திட்டத்தில் இல்லாததை, ஆசிரியர் விரும்பாததை, வயதுக்கு மீறியது என்று சொல்லப்பட்டதை அங்கேதான் படித்தோம்.

அமெரிக்காவில் 2001-இல் இயற்றப்பட்ட பேட்ரியட் சட்டத்தின் 215-ஆம் பிரிவு, நூலகப் பதிவேடுகளையும் புலனாய்வுத்துறை கேட்டுப் பெற வழிசெய்தது. அதனை எதிர்த்து முன்னணியில் நின்றோரில் நூலகர்களும் இருந்தனர். நூல் திரும்பி வந்தவுடன் எடுத்தவர் பெயரை அழித்துவிடுவது என்பது அங்குப் பல நூலகங்கள் கைக்கொண்ட வழி. இல்லாத பதிவை எவரும் கேட்டு வாங்க இயலாதன்றோ! நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டில், புட்டசாமி வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, மறைவுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. கல்லூரிக் கணினிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். அத்தீர்ப்பின் பின்னுள்ள உணர்வு கல்லூரி வாயிலோடு நின்றுவிடாது என்பது எம் நம்பிக்கை.

எழுதுவோரைப் பற்றிய பதிவு நம் மரபுக்குப் புதிதன்று. ஏடெழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் சுவடியின் இறுதியில் குறித்து வைப்பதுண்டு. 1894-இல் புறநானூற்றை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடுகளுக்கிடையே கண்ட பாடவேறுபாடுகளைக் குறித்துக் கொடுத்தார். எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பதிப்பியலின் முதற்கேள்வி. கோப்பின் மாற்றத்தைக் கண்காணிப்பது அக்கேள்வியின் தொடர்ச்சி. ஏட்டைப் படித்தவர்தம் பட்டியலைத் தொகுக்கும் மரபு நம்மிடம் இருந்ததில்லை.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறோம். வினாத்தாள் உள்ள அடைவு. அங்கே படிப்பதே குற்றம். எழுதுவதைக் காட்டிலும் படிப்பதையே அஞ்ச வேண்டும். அவ்வடைவுக்கு ‘ஆர்’ வைக்கட்டும். அது போலவே, இன்னும் பட்டம் பெறாத மாணவரின் முடியாத ஆய்வேட்டைப் பிறர் களவாடிவிடுவர் என்று ஒரு சக ஆசிரியை சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து கண்காணிப்பு அன்று, பூட்டு. யூனிக்ஸ் மரபில் நெடுங்காலமாகவே உரியவர், குழுவினர், ஏனையோர் என்று பிரித்து, எவர் படிக்கலாம், எவர் எழுதலாம் என்று வரையறுக்கும் வசதி ஒவ்வொரு கோப்பிலும் இருக்கிறது. படிக்கக்கூடாது என்றால் மூடிவிடுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரைமறைவில் நின்று யார் நுழைகிறார் என்று குறித்துக்கொள்வது, ஒரு கல்வி நிறுவனம் செய்யத்தக்க காரியமன்று.

குழுவின் அறிக்கையில் ஃபேன்நோட்டிஃபை என்ற பெயரும் வருகிறது. எரிக் பாரிஸ் எழுதியது. 2011-இன் தொடக்கத்தில் வெளியான 2.6.37 கர்னலில் பயன்பாட்டுக்கு வந்தது. ஐநோட்டிஃபை சொல்லாத செயல்முறை எண்ணை இது சொல்லும். அத்துடன் நில்லாமல், ஒரு கோப்பு திறக்கப்படும் முன்னர் ‘திறக்கலாமா?’ என்று காவல் நிரலைக் கேட்டு, அது ‘ஆம்’ என்றபின் மட்டுமே திறக்கவிடும் வசதியும் இதில் உண்டு. நச்சுநிரல் தடுப்புக்காக உண்டானது. கிளாம்ஏவி இவ்வாறுதான் கோப்புகளைத் திறக்கும்போதே சோதிக்கிறது. அந்தப் பயனுக்கு அதை வைத்துக்கொள்வதில் எமக்குத் தடையில்லை. ஆனால், இன்ன சொல் உள்ள கோப்பை மாணவர்க்குத் திறவாதே என்று நாளை ஒருவர் அதற்கு ஆணையிட்டால், அதுவும் அப்படியே செய்யும். இது கற்பனை அச்சம் என்பார்கள். ஒரு புதினத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வருவது எந்தக் கல்லூரிக்கும் புதிதன்று. அன்று நூலகர் ஒருவர் அதற்கு விடையெழுத வேண்டியிருந்தது. நிரல் விடையெழுதாது.

சரி, உடைந்த வெள்ளத்துக்கு என்ன செய்வது? எம் யோசனைகளில் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதலாவது, ஆளுக்கொரு பயனர்பெயர். பல துறைகளில் துறையின் பெயரே பயனர்பெயர். கடவுச்சொல் திரையோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இந்நிலையில் எத்தனை விலையுயர்ந்த கண்காணிப்பை வைத்தாலும், ‘துறை செய்தது’ என்று மட்டுமே அது சொல்லும். இரண்டாவது, கிட் என்னும் பதிப்புக் காப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உண்டாக்கியது. ஐநோட்டிஃபைக்குச் சில மாதம் மூத்தது. எவர், எந்நாளில், எந்த வரியை, என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பதை அது வைத்துக்கொள்ளும். வேண்டியபோது பழைய பாடத்தை அப்படியே மீட்டுத் தரும். கண்காணிப்பு நிரல் ‘மாறியது’ என்று மட்டும் சொல்கையில், கிட் ‘வெள்ளம் என்றிருந்தது இப்படி ஆயிற்று’ என்று காட்டும். திருத்தியவர் தாமே தம் பெயரிட்டுக் காரணமும் எழுதுகிறார் என்பதால் இதில் உளவின் வாடையும் இல்லை. பதிப்பாசிரியர் எழுதும் அடிக்குறிப்புக்கு இது எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை எம் மாணவர்கள் எம்மினும் விரைவாகப் புரிந்துகொண்டனர்.

மூன்றாவது, கோப்பின் இலக்கச் சுருக்கம். 1992-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் யூஜீன் ஸ்பாஃபோர்டும் உருவாக்கிய டிரிப்வயர் முதல் இவ்வழி நன்கறியப்பட்டது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டு ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்தால், பிறகு ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் மாறிவிடும். தமிழுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீட்டாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. திரையில் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. சுருக்க எண்ணோ முற்றிலும் வேறாக வரும். கண் காணாத பாடபேதம்! ஆகவே தொடக்கத்திலேயே எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்துவிட்டுப் பின்னர்ச் சுருக்கம் எடுக்க வேண்டும். அந்தக் கொணர்தலைச் செய்பவர் வெள்ளத்தையும் ஒளியையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.

இவற்றோடு ஆடிட்டின் இரண்டெழுத்துப் பதிவு. அப்பதிவும் அக்கணினியிலேயே இருந்தால் நிர்வாகி உரிமையுள்ளவர் அழித்துவிடக்கூடும். வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பி வைக்க வேண்டும். எவரைப் பற்றிய பதிவோ அவர் அதைப் பார்க்க இயல வேண்டும். மூன்று மாதத்துக்குப் பின் அழிக்க வேண்டும். என்ன பதிவாகிறது என்பதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கணினியருகே ஒட்டிவைக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒட்டிவைத்திருந்த இடம் அதற்கு வசதியாக இருக்கும்.

இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, துறையினர் எழுவர் கையொப்பமிட்டு முதல்வரிடம் கொடுத்திருக்கிறோம். கணினித்துறை நண்பர் எட்டாவதாக ஒப்பமிட்டார். சிறுபடம் ஆக்கும் நிரலைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டுச் சோதித்தும் பார்த்திருக்கிறார். தம் பெயரில் அன்று பிற்பகல் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் திறக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்ததாம். அவர் திறந்தவை மூன்று. அடுத்த கூட்டம் செமஸ்டர் தேர்வு முடிந்தபின் நடைபெறும்.